ஜெமீலா வீட்டுச் சொல்

நோன்பு மாத மாலையில் அஸர் தொழுதுவிட்டு ஷஸ்னா மேசைக்கு வந்தபோது தாள்களைக் காணவில்லை.

பதினொரு தாள்கள். ஆய்வுகூடத்தில் வீசிய பழைய படிவங்களின் பின்பக்கத்தில் மூன்று மாதமாக எழுதிச் சேர்த்தவை. வாவி இறாலுக்கு வரும் நோயைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு அந்தப் பல்கலைக்கழகத்தில் பலருக்குத் தெரியாது. ஆனாலும் இருபத்தொன்பது வயதிலும் அவள் தற்காலிக உதவியாளர்தான். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் மேற்படிப்புக்கு எடுக்கச் சம்மதித்திருந்தார். மாதம் முடிவதற்குள் ஆங்கிலத் தேர்வின் புள்ளி அவர் கைக்குப் போக வேண்டும். முதல் தடவை சொற்பகுதியில் விழுந்தாள். நாளை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கொழும்புப் பயணம், மறுநாள் காலை பரீட்சை. இன்னொரு தடவை எழுத நாளில்லை.

பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்தால் அவளுக்கு ஒன்றும் நிற்காது. அதனால் சொற்களைத் தன் வீடிருக்கும் சிறு தெருவான ஒழுங்கைக்குள் குடியேற்றினாள். காத்தான்குடியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், கலியாணம் முடித்து வந்து இருப்பவன் மாப்பிள்ளை. ஆகவே மெயின் ரோட்டிலிருந்து ஆற்றங்கரை வரை இருபத்திரண்டு வாசல்களுக்கும் பெண்களின் பெயர்தான். வலப்பக்க வீட்டில் ஒரு சொல், அதே கருத்துள்ள சொற்கள் அந்த வீட்டின் அறைகளில். நேர் எதிர் வீட்டில் எதிர்ச்சொல். பஹீமா வீடு 'கறுலஸ்', ஓயாமல் பேசுவது. எதிரே றமீஸா வீடு 'டசிட்டேர்ன்', வாயே திறக்காதது. ஜெமீலா மாமி வீடு 'பாஸிமோனியஸ்', கையிறுக்கம். எதிரே, அக்கா முறையான றஸீனா ராத்தா வீடு 'மியுனிபிசன்ட்', அள்ளிக் கொடுப்பது. கண்ணை மூடிக்கொண்டு ஒழுங்கையில் நடந்தால் சொற்கள் வாசல்களில் வந்து நின்றன. மறக்காமலிருக்கப் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தாள். ஒரு தாள் முழுதாக மனதில் ஏறியதும் மூலைக்கு மூலை ஒரு பெரிய குறுக்குக் கோடு.

"உம்மா, மேசையில கிடந்த கடதாசி எங்க?"

அடுப்படியில் உம்மா எண்ணெயிலிருந்து சமூசாவை எடுத்துக்கொண்டிருந்தார். "குறுக்கால வெட்டினதா? எண்ணெய் இழுக்க விரிச்சன். வேணாமெண்டுதானே புள்ள வெட்டிப்போட்ட?"

அரபு எழுத்து ஒன்று இருந்தால் துண்டுக் காகிதத்தையும் கண்ணில் ஒற்றி உயரத்தில் வைப்பவர் உம்மா. குறுக்கே வெட்டிய இங்கிலீசுத் தாள் அவருக்குக் கழிந்த தாள்.

ஷஸ்னா சூடு பார்க்காமல் சமூசாக்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ஒன்பது தாள்கள் இருந்தன. இல்லாத இரண்டில் ஒன்று ஆற்றங்கரைப் பக்கத்து வீடுகள். மற்றது ஜெமீலா, றஸீனா தாள்.

"சமூசா வெச்சு ரெண்டு பிங்கான் தட்டு குடுத்திட்டு வந்திட்டன்," என்றாள் பக்கத்து வீட்டிலிருக்கும் தங்கச்சி ஸாதியா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "பஹீமா ராத்தாக்கு ஒண்டு, ஜெமீலா மாமிக்கு ஒண்டு."

"எந்தக் கடதாசி எந்தப் பிங்கான்ல?"

"ஆரு பாத்த? சமூசாதான் பாத்தன். என்னத்துக்கு இப்பிடி வெளிறிப் போறாய்?"

வெளிறாமல் எப்படி இருப்பது? பெருநாள் நெருக்கத்தில் ரயிலில் இடமில்லை. ஜெமீலா மாமியின் புருசன் மஜீட் மாமா கொழும்புப் பக்கத்து விமான நிலையத்துக்கு நாளை தன் வானை ஓட்டிப் போகிறார், அதில்தான் அவளுக்கு இடம். அதிலும், "ஜெமீலா கூட வாறதெண்டாத்தான் உன்ன அனுப்புவன்," என்று உம்மா முதலே சொல்லிவிட்டார். மாமி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வரமாட்டேன் என்றால் பரீட்சையும் இல்லை, படிப்பும் இல்லை.

பஹீமா வீடுதான் கிட்ட. ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

"வா புள்ள! நாளைக்குத்தானே பயணம்? கொழும்பில வெயிலாம், குடை எடுத்தியா? என்ட மச்சினன்ட மகளும் இப்பிடித்தான் சோதினைக்குப் போய்..." பஹீமாவின் பேச்சு ஓடிக்கொண்டிருக்க, ஷஸ்னா பிங்கானில் கைவைத்துச் சமூசாக்களை ஒதுக்கினாள்.

"என்னகா, தந்தத எண்ணிப் பாக்க வந்தியா?"

"இல்ல ராத்தா. கடதாசி மாறி வந்திட்டு."

எண்ணெயில் ஊறிக் கண்ணாடி போலாகியிருந்த தாளை உருவினாள். ஆற்றங்கரைப் பக்கம். அப்படியென்றால் மற்றது எங்கே போயிருக்கிறதென்று தெரிந்துவிட்டது. பஹீமா மச்சினன் மகளின் கதையை முடிப்பதற்குள் வாசல் படலையைத் தாண்டிவிட்டாள்.

ஜெமீலா மாமி மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். சமூசாக்கள் வேறு தட்டுக்கு மாறியிருந்தன. தாள் மேசையில் விரித்துக் கிடந்தது. குவைத்தில் ஆறு வருசம் வீட்டு வேலை செய்தவர் மாமி. இங்கிலீசு எழுத்துக் கூட்டத் தெரியும்.

"இது என்ட பேர்தானே?"

"ஓம் மாமி."

"பக்கத்தில இருக்கிறது?"

"ஒரு சொல்லு மாமி. சோதினைக்கு."

"அது விளங்குது. என்ன கருத்து?"

நேர் எதிர்க் கருத்து ஷஸ்னாவின் நாக்கிலேயே இருந்தது, ஒழுங்கையைக் கடந்தால் போதும். 'தாராளமான ஆள்' என்று ஒரு வார்த்தை. வான் நாளைக்கு வெளிக்கிடும். ஆனால் விடியமுன் குடித்த தண்ணீரோடு பிடித்த நோன்பு. தொண்டை காய்ந்து கிடக்கிறது. இன்னும் அரை மணித்தியாலத்தில் திறக்கப்போகும் நோன்பைப் பொய் சொல்லியா பாழாக்குவது?

"கையிறுக்கமான ஆள் எண்டு மாமி."

மாமி தாளின் ஒரு மூலையை விரலால் நீவினார்.

"எதிர் வீட்டுக்கு என்ன போட்டிருக்காய்?"

"றஸீனா ராத்தாக்கா? அள்ளிக் குடுக்கிற ஆள் எண்டு."

"றஸீனாவா!" மாமி கண்ணாடியைக் கழற்றினார். "குடுக்கிறாதான். ஒரு கையால குடுத்திட்டுப் பொறகு அடுத்த தெரு வரைக்கும் போய்ச் சொல்லித் திரியிறா. அதுக்கு உன்ட இங்கிலீசில சொல்லில்லையா?"

இருந்தது. 'ஒஸ்டென்டேஷஸ்', ஊர் பார்க்கப் பகட்டுக் காட்டுவது. ஏழாவது தாள்.

"குவைத்தில அவங்க திண்டு மிஞ்சினதுதான் எனக்கு. இண்டைக்கு மிஞ்சுமா எண்டு பாத்துப் பாத்து, நாளைக்கும் கொஞ்சம் ஒதுக்கி வெச்சுத் திண்டவள் நான். இப்ப விடச் சொன்னாலும் கை விடுதில்ல." மாமியின் குரல் உயரவில்லை. ஷஸ்னாவுக்கு அதுதான் பயமாக இருந்தது. "போ. பாங்கு சொல்லப்போறாங்க. போய் நோன்பத் திற."

வானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாளையும் தரவில்லை.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. ஷஸ்னா தண்ணீர் குடித்தாள், கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். ஒழுங்கையில் எவரும் வந்த பிங்கானை வெறுமையாகத் திருப்புவதில்லை, ஏதாவது ஒன்று வைத்துத்தான் அனுப்புவார்கள். ஜெமீலா மாமி வீட்டிலிருந்து ஒவ்வொரு வருசமும் மூன்று பேரீச்சம்பழம் வரும். அந்த மூன்று பழத்தை வைத்துத்தான் அவருக்கு அந்தச் சொல்லே விழுந்தது. இன்று என்ன வரும்? நிறைய வந்தால் மன்னிப்பு. ஒன்றும் வராவிட்டால் வானும் வராது. அப்படித்தான் அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

மஃரிப் தொழுகை முடிந்து ஸாதியா ஜெமீலா மாமி திருப்பிய பிங்கானோடு வந்தாள். அதில் மூன்று பேரீச்சம்பழம். அடியில் நாலாக மடித்த தாள்.

"வழமைதானே," என்றார் உம்மா. "மாமி நாளைக்கு வாறாவாமா?"

"கேக்கல்லயே," என்றாள் ஸாதியா.

ஷஸ்னா தாளை விரித்தாள். பெயரும் சொல்லும் அப்படியே இருந்தன. மாமி அவற்றை வெட்டவுமில்லை, கிழிக்கவுமில்லை. போய்க் கேட்கவும் கால் வரவில்லை.

விடிந்தும் விடியாமலும் பையோடு படலையில் நின்றாள். மஜீட் மாமாவின் வான் பின்னோக்கி வந்து நின்றது. முன் இருக்கை வெறுமையாக இருந்தது. உம்மா எட்டிப் பார்த்தார். "ஜெமீலா எங்க?"

"பூட்டின கதவையே பூட்டிக்கிட்டு நிக்கிறாள்," என்றார் மஜீட் மாமா. "ரெண்டு தரம் இழுத்துப் பாக்காம வரமாட்டாள்."

மாமி வந்தார். ஒருவர் முகத்தையும் பார்க்காமல் ஏறி இருந்தார். ஷஸ்னா பின்னால் ஏறினாள்.

வான் வெலிகந்தை ஊரைத் தாண்டியது. ஷஸ்னா கண்ணை மூடி ஒழுங்கையில் நடக்கத் தொடங்கினாள். பஹீமா வீடு வந்தது, சொல்லும் வந்தது. றமீஸா வீடும் சரி. அடுத்த வாசலில் மேசையும், விரித்த தாளும், கழற்றிய மூக்குக்கண்ணாடியும்தான் இருந்தன. சொல்லைக் காணவில்லை. திரும்பவும் மெயின் ரோட்டிலிருந்து வந்து பார்த்தாள். அதே இடம், அதே வெறுமை.

"என்ன முணுமுணுக்கிறாய்?" மாமி திரும்பாமலே கேட்டார்.

"பாடமாக்குறன் மாமி."

"என்ட வீட்டுக்கு வந்திட்டியா?"

"வந்திட்டன். சொல்லுத்தான் வருகுதில்ல."

மஜீட் மாமா கண்ணாடியில் ஒருதரம் பின்னால் பார்த்தார். வான் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது.

"பாஸிமோனியஸ்," என்றார் ஜெமீலா மாமி, ஒவ்வொரு எழுத்தாக. "நேத்து ஏழெட்டுத் தரம் எழுத்துக் கூட்டினன். மறக்குமா அது? ம், திரும்பி எதிர் வீட்டப் பாரு. அங்க என்ன?"