ஆண்டிபட்டி முகம், கம்பத்து முகம்

வளையல் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு மெல்லிய தாள் இருக்கும். கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசி உடையாமல் இருக்கச் சுற்றி அனுப்புகிற தாள். ஊதினால் பறந்துவிடும். எங்கள் கடையில் அதைக் கசக்கி எறிவதுதான் வழக்கம். என் மதினி ஒருத்திதான் அதை நீவி, துண்டு துண்டாகக் கிழித்து, காலிப் பவுடர் டப்பாவுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். விடிந்ததும், நான் முகம் கழுவுவதற்கு முன்னால், ஒரு துண்டை எடுத்து என் நெற்றியில் ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்துவாள். பிறகு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பாள். தாளுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தென்னைமரம் தெரியும். அவ்வளவு எண்ணெய். "இதுல ரெண்டு அப்பளம் பொரிக்கலாம்த்தா" என்பாள். எனக்கு அப்போது கல்யாண வயது, முகமெல்லாம் பரு. சிரிப்பு வரவில்லை.

போடி கடைத்தெருவில் அப்பா ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். அது எழுபதுகளின் நடுப்பகுதி. வளையல், ரிப்பன், சாந்துப்பொட்டு, இவற்றோடு கண்ணாடி அலமாரியில் ஒரு தட்டு முழுக்க முகப்பூச்சு. பகலில் போட ஸ்னோ. ராத்திரி மஞ்சளைக் கழுவிவிட்டுப் படுக்கப் போகும்போது தடவ கோல்டு கிரீம், கிளிசரின், பன்னீர், குமுளி வழியாக வருகிற தேங்காய் உருக்கெண்ணெய். வாங்க வருகிற பெண்கள் அப்பாவிடம் என்ன சொல்ல முடியும்? கன்னம் எரிகிறது, மூக்கு மினுக்குகிறது, மங்கு விழுந்திருக்கிறது என்று ஓர் ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது? சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு "மூஞ்சிக்குப் போடுறது குடுங்கண்ணே" என்பார்கள். மதுரை ஏஜெண்ட் கடைசியாக எதைத் தள்ளிவிட்டுப் போனாரோ அதை அப்பா எடுத்துக் கொடுப்பார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. முகம் என்றால் எல்லாம் ஒரே முகம்தான் என்று உண்மையாகவே நம்பியவர்.

மதினி ஆண்டிபட்டிக்காரி. அவள் கணவன், எங்கள் அண்ணன், ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். மலையை விட்டு இறங்கினால்தான் வீட்டில் பார்க்கலாம். மதினி பள்ளி இறுதி வரை படித்தவள். சமையற்கட்டு அம்மாவின் ராஜ்ஜியம், அங்கே உப்பு போடக்கூட இன்னொருத்திக்கு அனுமதி கிடையாது. ஒருநாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மதினி வந்து நின்றாள்.

"அடுப்படியில ரெண்டு பேருக்கு எடமில்ல மாமா. கடையில ஒரு பொம்பளைக்கு எடம் இருக்கு."

அப்பா மோர்ச்சோற்றை முடித்துவிட்டு எழுந்தார். கை கழுவும்போது, "பெறகு பேச்சு வந்துச்சுண்டா நீதான் கேட்டுக்கணும்" என்றார். அப்படித்தான் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் ஒரு முக்காலி வந்தது. பேச்சும் வந்தது. மருமகளை வியாபாரத்துக்கு உட்கார வைத்துவிட்டார்கள் என்று தெருவே பேசியது. மதினி அதை ஈ ஓட்டுவதுபோல ஓட்டினாள். அந்த முக்காலியில் அவள் உட்கார்ந்த விதத்தை நான் பார்த்திருக்கிறேன். முன்பதிவு செய்த இடத்தில் உட்காருகிற மாதிரி.

ஆனால் அவளும் முதலில் அப்பா செய்த அதே தப்பைத்தான் செய்தாள். நவதானியக் கடைக்காரர் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். பெண்ணின் தாயார் வந்து, முகம் பளிச்சென்று இருக்க என்ன போடலாம் என்று கேட்டார். ஆண்டிபட்டியின் காய்ந்த காற்றில் மதினியின் கன்னம் சிறு வயதிலிருந்தே வெடிக்கும். அவளைக் காப்பாற்றியது கோல்டு கிரீம். தன்னைக் காப்பாற்றியது எல்லோரையும் காப்பாற்றும் என்று நினைத்தாள். "ராத்திரி தாராளமாப் பூசி நல்லா அழுத்தித் தேச்சுட்டுப் படுக்கச் சொல்லுங்க" என்று சொல்லியனுப்பினாள். கல்யாணத்தன்று மணப்பெண்ணின் முகம் வேர்க்குருவும் பருவுமாகச் சிவந்து கிடந்தது. மேடையில் அந்தப் பெண் தலையே நிமிரவில்லை. வெட்கம் என்று விருந்தாளிகள் மெச்சினார்கள். எங்களுக்குத்தான் தெரியும்.

மறுநாளே பெண்ணின் தாயார் கடைக்கு வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. "எம் மக போட்டோவுல அந்த மூஞ்சிதான இருக்கும், காலத்துக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சத்தம் போட்டிருந்தால் தேவலை. அன்று சாயங்காலம் அப்பா தீர்ப்புச் சொன்னார். தேவதானப்பட்டியிலிருந்து அவருடைய தங்கை மகன் வருவான். ஆவணி முதல் முகூர்த்தத்திலிருந்து பெண்கள் பக்கத்து அலமாரியையும் அவனே பார்த்துக்கொள்வான். ஆடியில் கல்யாணமில்லை, வியாபாரமும் மந்தம். அதுவரைக்கும் வேண்டுமானால் மதினி உட்காரலாம்.

மதினி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அலமாரியில் இருந்த பூச்சுகளில் வகைக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "ஏத்தா, ஒம் மூஞ்சியக் கொஞ்ச நாளைக்கு எனக்குக் குடு" என்றாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் முழு முகத்தோடு படுத்தவர் யாருமில்லை. எனக்கு இடது கன்னத்தில் கோல்டு கிரீம், வலது கன்னத்தில் பன்னீரில் கலக்கிய கிளிசரின். மதினிக்கும் அதேபோல. சில நாள் கழித்து ஒரு கன்னத்தில் உருக்கெண்ணெய். கோல்டு கிரீம் போட்ட என் கன்னத்தில் பரு கொத்துக் கொத்தாகக் கிளம்பியது. அவள் கன்னமோ அதே கிரீமில் பால்கோவா மாதிரி ஆயிற்று. எனக்கு இதமாக இருந்த கிளிசரின் தண்ணீர் அவளுக்கு இழுத்துப் பிடித்தது. சிரித்தால் தோல் கிழிந்துவிடும் போலிருக்கிறது என்றாள். அம்மாவையும் விடவில்லை. அம்மாவின் நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழிந்தது. கன்னம் இரண்டும் வறண்டு கிடந்தன. அதைப் பார்த்த அன்றைக்குத்தான் மதினிக்கு விஷயம் பிடிபட்டது என்று நினைக்கிறேன்.

"ஆண்டிபட்டியும் கம்பமும் ஒரே மூஞ்சியில இருக்கு அத்தை ஒங்களுக்கு" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முகங்களுக்கு ஊர்ப்பெயர் வந்துவிட்டது. மழையை நம்பிய மானாவாரி பூமி போல வறண்டது ஆண்டிபட்டி முகம். வாய்க்கால் தண்ணீர் வற்றாத வயல் போல எப்போதும் ஈரம் மினுக்குவது கம்பத்து முகம். இரண்டு பக்கமும் பஸ் போகிற தேனி மாதிரி, பாதி அதுவும் பாதி இதுவுமாக இருப்பது தேனி முகம். ஆண்டிபட்டிக்கு கோல்டு கிரீம். கம்பத்துக்கு எண்ணெய்ப் பசை ஆகாது, பயத்தமாவில் கழுவிவிட்டுக் கிளிசரின் கலந்த பன்னீர் லேசாக. தேனிக்குக் கன்னத்தில் மட்டும் கிரீம், நெற்றிப் பக்கம் போகக்கூடாது. இன்று இதற்கெல்லாம் பெரிய பெயர்கள் இருக்கின்றன. அப்போது எங்களுக்கு பஸ் ரூட் போதுமாக இருந்தது.

எந்த முகம் எந்த ஊர் என்று கண்டுபிடிக்கத்தான் வளையல் தாள். அதில் ஒரு சிக்கல். ராத்திரி முகத்தைக் கழுவி, ஒன்றும் பூசாமல் படுத்து, காலையில் கழுவாமல் வந்தால்தான் தாள் உண்மை பேசும். எங்கள் பக்கத்தில் பெண் விடிந்ததும் முகம் கழுவாமல் வாசலையே தாண்டமாட்டாள். கடைக்காரர்களுக்கோ முதல் போணி என்பது சாமி மாதிரி. அன்றைய வியாபாரம் முழுக்க அந்த முதல் கையைப் பொறுத்தது. அப்பா முதல் போணிக்கு முகராசி பார்ப்பவர். இது தெரிந்தும் மதினி இரண்டு பெண்களைக் காலையில் வரச் சொல்லிவிட்டாள். அப்பா கடை வாசலில் சூடம் காட்டிக்கொண்டிருக்கிறார். தலைப்பால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு இரண்டு உருவங்கள் படியேறுகின்றன. கண்ணில் பூளை, நெற்றியில் பொட்டில்லை. அப்பா சூடத்தட்டைக் கீழே வைத்தார்.

"மொதப் போணிக்கு மூதேவியக் கூப்புடுறியா ஆத்தா?"

வந்தவர்கள் வந்த வேகத்தில் இறங்கிவிட்டார்கள். மதினி முக்காலியை விட்டு எழுந்தாள். குரல் உயரவில்லை. "முன்வாசப் பக்கம் வந்தது தப்பு மாமா. நாளையிலிருந்து பின்பக்கச் சந்துல பாத்துக்கிறேன். கடை தொறக்க முன்னாடியே பாத்து அனுப்பிருவேன். காலையில ஒரு பொருளும் விக்கமாட்டேன். சாயங்காலம் குளிச்சு, பூ வச்சு, மகாலட்சுமியா வந்து வாங்கிக்கிருவாக. அப்ப அது எப்பிடி மூதேவி போணியாகும்?"

அப்பா சூடத்தட்டை மறுபடி கையில் எடுத்தார். "ஆடி வரைக்கும்தான்" என்று மட்டும் ஞாபகப்படுத்தினார்.

ஆடிக்காற்று எங்கள் பள்ளத்தாக்கில் சும்மா அடிக்காது. கூரையைப் பிய்க்கும், உதட்டை வெடிக்க வைக்கும். அந்தக் காற்றில் சந்துக்குள் பெண்கள் வந்தார்கள். பின்வாசல் படியில் முக்காலியைப் போட்டு மதினி உட்கார்ந்திருப்பாள். தாளை அழுத்தி, வெளிச்சத்தில் பார்த்து, ஊர்ப்பெயர் சொல்லி அனுப்புவாள். தெருவிலே "நீ எந்த ஊரு?" என்று பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுச் சிரித்துக்கொள்ள, ஆண்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆடி என்றால் புதுப்பெண் தாய்வீட்டுக்கு வரவேண்டுமே. நவதானியக் கடைக்காரர் மகளும் வந்திருந்தாள். ஒரு காலையில் தாயாரும் மகளும் சந்து முனையில் நிற்பதை நான் பார்த்தேன். மதினியின் தோளைத் தொட்டுக் காட்டினேன். மதினி எழுந்துபோய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். பெண்ணின் முகம் இன்னும் அப்படியேதான் இருந்தது. மாமியார் வீட்டிலும் அந்தக் கிரீமையே விடாமல் தேய்த்திருக்கிறாள், பாவம். கொடுத்தனுப்பிய பொருள் வீணாகக்கூடாதென்று.

"சனி புடிச்சிருக்குண்டு சொன்னாக. குச்சனூரு சனீஸ்வரன் கோயிலுக்குப் போயி வெளக்குப் போட்டுட்டு வந்தோம்" என்றார் தாயார்.

மதினி தாளை எடுத்துப் பெண்ணின் நெற்றியில் வைத்தாள். எடுத்துத் தாயாரிடமே கொடுத்தாள். தாள் நனைந்து கிடந்தது. "சனி இல்ல அத்தை. நாந்தான்" என்றாள். "கம்பத்து மூஞ்சிக்கு ஆண்டிபட்டி மருந்தக் குடுத்துட்டேன். ஆடி முடியுறதுக்குள்ள சரிபண்ணிக் குடுக்கிறேன். அதுக்கப்பறம் நான் இங்கன இருப்பனோ மாட்டனோ."

தாயார் அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு மகளைப் படியில் உட்காரச் சொன்னார். அதன் பின் தினமும் வந்தார்கள். பரு அடங்கியது, சிவப்பு இறங்கியது. தழும்பு கொஞ்சம் நின்றது. அதை மதினி மறைக்கவில்லை, போக நாளாகும் என்று சொல்லிவிட்டாள். கணவன் வீட்டுக்குத் திரும்புமுன், தன்னைப் பார்க்க வந்த கணவனோடு அந்தப் பெண் இன்னொரு போட்டோ எடுத்துக்கொண்டாள். அதைக் காட்டுவதற்கென்றே முன்வாசல் வழியாக, பூ வைத்து, காலையிலேயே கடைக்கு வந்தாள். அன்றைய முதல் போணி அவள்தான். அப்பா காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆனாலும் தேவதானப்பட்டிக்குச் சொல்லிவிட்டதை அவர் திரும்பப் பெறவில்லை. ஆடியின் கடைசி நாட்கள் ஓடின. மதினி தன் பவுடர் டப்பாவைக்கூட வீட்டுக்கு எடுத்து வந்துவிடவில்லை. "கடைசி நாள் வரைக்கும் அங்கன இருக்கட்டும்" என்றாள்.

அந்தக் கடைசி வாரத்தில் ஒரு காலை. வந்த பெண்கள் போய்விட்டார்கள். மதினி முக்காலியை எடுக்கக் குனிந்தபோது பின்கதவு திறந்தது. அப்பா. குளிக்கவில்லை. திருநீறு இல்லை. முகம் கழுவாமல் எங்கள் அப்பா தண்ணீர்கூடக் குடித்து நான் பார்த்ததில்லை. முந்தின நாள் சவரம் செய்த கன்னத்தில் ஆடிக்காற்று பொடிப்பொடியாகத் தோலை உரித்திருந்தது. சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பெண்கள் உட்காரும் அதே படியில் உட்கார்ந்தார்.

"பாரு" என்றார்.

மதினி மாமனாரைத் தொடமாட்டாள். தாளை என்னிடம் தந்தாள். நான் அப்பாவின் கன்னத்தில் வைத்து அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் தாள் வந்தபடியே இருந்தது, ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

"ஆண்டிபட்டி மூஞ்சி மாமா. ராத்திரி கோல்டு கிரீம் போடுங்க. தேய்க்க வேணாம்."

அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். உள்ளே போகிறவர் கதவருகே நின்று, யாரையும் பார்க்காமல், "அந்தத் தேவதானப்பட்டிப் பயல வரவேணாம்ண்டு சொல்லிவிடணும்" என்றார். மதினி அப்போதுதான் அழுதாள்.

சென்ற மாதம் தேனியில் ஒரு பெரிய கடைக்கு என் மகளோடு போயிருந்தேன். ராத்திரி போடும் சீரம் என்று வரிசையாகச் சின்னச் சின்னப் புட்டிகள். எண்ணெய்ச் சருமம், வறண்ட சருமம், கலவைச் சருமம் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறது. மகள் போனைத் தட்டி ஒன்றோடொன்றை ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "உனக்கு ஆயிலி ஸ்கின்தானம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். அந்தப் புட்டியை வாங்கிக்கொண்டேன். பிறகு என்னவோ ஒரு தயக்கம். மறுநாள் விடிந்ததும் முகம் கழுவாமல், மகள் தலையில் அடித்துக்கொள்ள, போடி பஸ் ஏறினேன்.

மதினிக்கு இப்போது முழங்கால் வலி. கடையை அவள் மகள் நடத்துகிறாள். பின்வாசல் படியருகே அதே முக்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். புட்டியை வாங்கிப் பார்த்தாள், முகர்ந்தாள், மூடித் திருப்பித் தந்தாள். "மூஞ்சியக் கழுவாமத்தான வந்திருக்க?" என்று கேட்டாள். தலையசைத்தேன். பவுடர் டப்பா பக்கத்திலேயே இருந்தது. கட்டைவிரலால் தாளை என் நெற்றியில் அழுத்தினாள், எடுத்து வெளிச்சத்தில் தூக்கினாள். அன்று தென்னைமரம் தெரிந்தது போல இன்று எதுவும் தெரியவில்லை. வெறும் வெள்ளைத் தாள்.

மதினி அதை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"வாத்தா," என்றாள், "எங்க ஊருக்கு வந்து சேந்துட்ட."