அழுகண்ணிக்கு உரம் போட்ட கதை

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியின் தோட்டத்துக்கு, அதாவது கிரீன் பெல்ட்டுக்கு, சூப்பர்வைசராக நான் செய்த பெரிய தப்பு, ஒரு செடிக்குச் சோறு போட்டதுதான்.

காம்பவுண்டின் வடக்கு மூலையில், மழைத்தண்ணீர் நின்று வற்றும் ஒரு மணல் பள்ளம். அங்கே வருடாவருடம் அழுகண்ணி முளைக்கும். காசளவு சிவப்புச் செடி. இலையெல்லாம் பிசின் சொட்டு. கொசு உட்கார்ந்தால் அதோடு சரி, செடி தின்றுவிடும். அக்கம்பக்கத்துப் பள்ளங்களில் எல்லாம் கிராவல் கொட்டி ஷெட் போட்டாகிவிட்டது. கல்லூரியிலிருந்து வந்த தாவரவியல் மேடம், "எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கம் மிச்சம் இது ஒண்ணுதான்" என்றார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "இன்னாய்யா, இத்துனூண்டு கீது? அடுத்த வாட்டி அந்தம்மா வரும்போது தளதளன்னு இருக்கணும்."

தளதளவென்று வளர்ப்பதுதானே என் தொழில். மக்கிய சாணி போட்டேன். டிஏபி உரம் கரைத்து ஊற்றினேன். கோரைப்புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. அதன் அடியில் அழுகண்ணி கறுத்துக் கிடந்தது.

மேடம் மறுபடி வந்த அன்று, "வெயில்ல போச்சுன்னு சொல்லுய்யா" என்று மேனேஜர் என் காதில் சொன்னார். நான் உள்ளதைச் சொன்னேன்.

"மண்ணுல சத்து இல்லாததாலதான் சார் இது பூச்சி புடிக்குது. சத்து குடுத்தா கோரைதான் வளரும்" என்றார் மேடம்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஹோஸ் எட்டாத ஓரத்தில் நாலு செடி மட்டும் பிழைத்திருந்தன. கோரையை நானே கையால் பிடுங்கினேன். அதன்பின் அந்த மூலைக்கு ஆளையே விடவில்லை. தோட்ட வேலை செய்த தேவகி, "அந்த எடம் மட்டும் சொட்டையா கீது சார், பாக்கவே பேஜாரா கீது" என்பாள். "இருக்கட்டும்மா" என்பேன். ஆறு மழைக்காலத்தில் நாலு நாற்பதானது.

ரிட்டயர் ஆன அன்று மோட்டார் சாவி, ஸ்பிரேயர், கத்தரி, ஸ்பேனர் என்று லிஸ்ட் போட்டுப் புது சூப்பர்வைசரிடம் ஒப்படைத்தேன். போன தை மாதம் அவரே போன் செய்தார்.

"அண்ணா, வடக்கு மூலய இன்னாத்துக்கு அப்டியே உட்டுகினு இருந்தீங்க? ரெண்டு லோடு சாணி அடிச்சேன். வந்து பாருங்க, பச்சப்பசேல்னு கீது."

போய்ப் பார்த்தேன். பள்ளம் முழுக்கக் கோரை. இந்த முறை ஓரத்திலும் ஒன்றும் மிஞ்சவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை, நான் செய்ததைத்தான் அவரும் செய்திருந்தார். மேடத்துக்கு இன்னும் சொல்லவில்லை, தைரியம் வரவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பொறுப்பை ஒப்படைக்கும்போது, செய்யக்கூடாத வேலையையும் லிஸ்ட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நான் ஸ்பேனர் வரைக்கும் எழுதினேன். அதை எழுதவில்லை.