எஞ்சின் மூடியின் இடது பக்கம்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் 'இன்னொருதரம்' என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வேலையை முடித்தாலும் "இன்னொரு தரம் பாத்துட்டுத் தந்துடறேன்" என்பார். அந்த இன்னொரு தரம் சில சமயம் ஒரு வாரத்துக்கு நீளும். கேலிக்கு வைத்த பேர் அப்படியே நிலைத்து, கூரியர்காரர்கூட அதைச் சொல்லித்தான் வழி விசாரித்தார். தகடு வெட்டுவது, வளைப்பது, பற்றவைப்பது அவர் தொழில். வயது நாற்பத்து நான்கு. பட்டறை அவருடையதல்ல, மனைவியின் அண்ணனுடையது.

பட்டறைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில்தான் குடித்தனம். கீழே கம்ப்ரசர் ஓடினால் மேலே அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். சமையலறை அண்ணன் வீட்டோடு பொது. அதில் அவர் மனைவிக்கென்று ஒரே ஒரு அலமாரித் தட்டு ஒதுக்கியிருந்தார்கள்; அதிலும் பாதியை அண்ணியின் ஓடாத மிக்சி அடைத்துக்கொண்டிருந்தது. ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகிறோம் என்று வந்தவர்கள். பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

"எங்கண்ணன் இருக்காரே, அவர் கையில ஒரு ஆள் கிடைச்சா லேசுல விட்டுடுவாரா" என்று மனைவி பல்லைக் கடிப்பாள். அவள் அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசியே பல வருஷம் ஆகிறது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு லிஃப்ட் கம்பெனியில் நம்மவரைக் கூப்பிட்டபோது லாரி டீசல் டேங்க் வேலை ஒன்று பாதியில் நின்றது. அதற்கு முந்தி ஒரு தடவை, ஆஸ்பத்திரித் தள்ளுவண்டிகள். வேலை முடிவதற்குள் அந்த இடங்களெல்லாம் நிரம்பிவிட்டன. என்னாயிற்று என்று கேட்டால், "மச்சான் விடமாட்டேங்கிறார்" என்பார். பொய் என்று தெரிந்து சொன்னதில்லை. அவரும் அப்படித்தான் நம்பினார்.

இந்தத் தடவை பஸ் பாடி கட்டும் கம்பெனியிலிருந்து கடிதமே வந்துவிட்டது. திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு ஆஜராக வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று கறாராக எழுதியிருந்தார்கள். கூடவே குவார்ட்டர்ஸ். இரண்டு அறை, தனிச் சமையலறை, தெருவைப் பார்த்த தனி வாசல். மனைவி அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கில்லை. ஊர் தூரம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும்.

சும்மா இருந்திருந்தால் போய்ச் சேர்ந்திருப்பார். ஆனால் பத்து நாளைக்கு முன்னால் பல் டாக்டர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, எஞ்சின் பின்பக்கம். அதன் இரும்பு மூடியில் நாலைந்து கீறல் துவாரங்கள் இருந்தன. அதனால் என்ன பயன், சிக்னலில் இரண்டு நிமிஷம் நின்றால் எஞ்சின் கொதித்துப்போகும். மூடி முழுக்க வலையாக இருந்தால் சூடு வெளியேறும், பார்க்கவும் எடுப்பாக இருக்கும் என்று டாக்டர் ஆசைப்பட்டார். கடையில் வாங்கக்கூடிய சாமானில்லை இது. அந்தக் காரின் வளைவுக்கு அளவெடுத்துச் செய்ய வேண்டும்.

மச்சான் முதலிலேயே சொல்லிவிட்டார். "மாப்பிள்ளை, நீங்க கிளம்பற நேரம். வேணாம்னா சொல்லிடுங்க, திருப்பி அனுப்பிடலாம்."

"பத்து நாள் இருக்கே மச்சான்" என்றார் இன்னொருதரம். சொல்லும்போதே கை அந்த மூடியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது.

மூடியின் சட்டத்துக்கு மட்டும் ஐந்து நாள் போயிற்று. அட்டையில் மாதிரி வெட்டி, காரின் முதுகில் வைத்து, இடுக்கு எங்கும் ஒரே அளவாக வரும்வரை சுரண்டினார். நடுவில் முதுகெலும்பாக ஒரு பட்டை, இரு பக்கமும் வலை. கம்பியைப் பின்னிய வலை அல்ல. தகட்டைக் கீறி இழுத்து விரித்த வலை. அதன் கண்கள் டைமண்ட் வடிவில் இருக்கும். விளிம்புகள் தட்டையாகக் கிடக்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். சாய்வு ஒரு திசையில் இருந்தால் பின்னாலிருந்து பார்க்கும் கண்ணுக்கு வலை மூடியதுபோல் தெரியும். எதிர்த் திசையில் இருந்தால் உள்ளே இருக்கிற எஞ்சின் அப்பட்டமாகத் தெரியும்.

இது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் வெள்ளிக்கிழமை வலையை வெட்டும்போது மனசு நாலு மணி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது. வலது பக்கத்துத் துண்டை வெட்டினார். அதே மாதிரியை வைத்து இன்னொன்று வெட்டி, அதைக் குப்புறத் திருப்பி இடது பக்கத்தில் வைத்தார். அச்சாகப் பொருந்தியது. வெறும் தகட்டை அப்படித்தான் இருபது வருஷமாக வெட்டிவந்தார். தகட்டுக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று கிடையாது. வலைக்கு இருந்தது. குப்புறத் திருப்பியதும் சாய்வும் திரும்பிக்கொண்டது. பட்டறைக்குள்ளே டியூப்லைட் வெளிச்சத்தில் அது கண்ணில் படவில்லை. ஒவ்வொரு வலையையும் சுற்றி நூற்றிருபது புள்ளி வைத்துப் பற்றவைத்து, தேய்த்து, பிரைமர் அடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மூடியைக் கீலில் மாட்டி, காரை வாசலுக்குத் தள்ளினார்கள். டாக்டர் சுற்றிச் சுற்றி வந்தார். "மாஸ்டர், இது கம்பெனியிலயே வந்த மாதிரி இருக்கு" என்றவர் மூடியை நாலு தடவை திறந்து மூடினார். மச்சான் நம்மவரின் தோளில் தட்டினார். மேலே ஜன்னலிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். பெட்டிகள் காலையிலேயே கட்டியாயிற்று.

அப்போதுதான் நம்மவர் காரின் பின்னால் போய்க் குனிந்தார். வெயில் நேராக அடித்தது. வலது பக்கம் முழுக்கக் கறுப்பு. இடது பக்கம் ஃபேன் பெல்ட் முதற்கொண்டு தெரிந்தது.

எழுந்து நின்றார். நின்றபடி பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. மறுபடி குனிந்தார். இருந்தது.

"என்ன மாப்பிள்ளை?"

"இடது வலை குப்புற இருக்கு மச்சான்."

மச்சானும் குனிந்து பார்த்தார். டாக்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே மாஸ்டர். இப்படியே அருமையா இருக்கு" என்றார். மனிதர் மனசாரத்தான் சொன்னார்.

"யாரு இந்த அளவுக்குக் குனிஞ்சு பாக்கப்போறா? பூனைதான் பாக்கணும்" என்றார் மச்சான்.

"எனக்குத் தெரியுதே."

மச்சான் குரலைத் தணித்துக்கொண்டு, "சரி, தப்பாவே இருக்கட்டும். மிச்ச வலை இருக்கு. நாளைக்கு நான் மாத்திக்கறேன். நீங்க குளிச்சிட்டுக் கிளம்புங்க. தங்கச்சி கட்டின மூட்டையோட உக்காந்திருக்கா" என்றார்.

இதைவிட ஒரு மனுஷன் என்ன சொல்ல முடியும்? நம்மவருக்கும் அது புரிந்தது. ஆனால் மச்சான் பற்றவைக்கும் லட்சணம் அவருக்குத் தெரியும். புள்ளி வைத்தால் மரு மாதிரி வீங்கி நிற்கும். அந்த மருவெல்லாம் இந்தச் சட்டத்தின்மேல் வரிசையாக உட்காரும் என்று நினைக்கவே அவருக்கு உடம்பு கூசியது. கிளம்பு என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். படி பத்தடியில் இருந்தது. கால் அந்தப் பக்கம் போகவில்லை. போய்ப் பற்றவைப்பை அறுக்கும் கிரைண்டரின் பிளக்கைச் சொருகினார்.

"மூணு மணிக்குள்ள முடிச்சிடுவேன்" என்றார்.

நூற்றிருபது புள்ளிகளையும் சட்டம் நோகாமல் ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும். இரண்டு மணிக்கு நாற்பதுதான் முடிந்திருந்தது. மூன்று மணிக்கு மனைவி பெட்டிகளோடு இறங்கிவந்து, வாசலோரம் கவிழ்த்துக் கிடந்த டிரம்மின்மேல் உட்கார்ந்தாள். நல்ல புடவை. அவர் தலையைத் தூக்கினால் அவள் முகம் தெரியும் என்பதால் தலையைத் தூக்கவில்லை.

மூன்றரைக்கு மச்சானே வந்து கிரைண்டரின் சுவிட்சை அணைத்தார்.

"மாப்பிள்ளை, ஆட்டோ நிக்குது. போங்க."

"மச்சான், இந்தத் தடவை நீங்க என்னைப் போக விடறீங்க, ஆனா இதை இப்படி விட்டுட்டு…"

"நான் எப்பங்க உங்களைப் பிடிச்சு வச்சேன்?" என்றார் மச்சான். "அன்னிக்கு டீசல் டேங்கையும் நான் பாத்துக்கறேன்னுதானே சொன்னேன். தள்ளுவண்டிக்கும் சொன்னேன். நீங்கதான் கேக்கல."

டிரம்மின்மேல் உட்கார்ந்திருந்தவள் அண்ணனைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் கையிலிருந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு மணி அடித்தபோது ஆட்டோக்காரர் ஹாரனை இரண்டு தரம் அழுத்திவிட்டுப் போய்விட்டார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். மற்றப் பெட்டியை அண்ணன் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

திங்கள்கிழமை பத்து மணிக்கு நம்மவர் புது வலையில் எண்பதாவது புள்ளியை வைத்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். எங்கோ ஒரு மேஜைக்கு முன்னால் வேறு யாரையோ கூப்பிட்டிருப்பார்கள். கை நிற்கவில்லை. பகல் இரண்டு மணிக்கு மூடியைக் கீலில் மாட்டி, காரை வெயிலுக்குத் தள்ளி, பின்னால் போய்க் குனிந்தார். வலது பக்கம் கறுப்பு. இடது பக்கமும் கறுப்பு. உள்ளே எதுவும் தெரியவில்லை. அவருக்கு நிம்மதியாக இருந்தது. வீடு போன அன்றைக்கு இப்படி ஒரு நிம்மதியா என்று பயந்துபோனார். முகத்தைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போனார்.

மனைவி பெட்டியிலிருந்து பாத்திரங்களை எடுத்து வெளியே அடுக்கிக்கொண்டிருந்தாள். அழுத முகமில்லை. அழுதிருந்தால் அவருக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"நல்லா வந்திருக்கா?"

"வந்திருக்கு." பிறகு, "என்னை ஏதாவது திட்டேன்" என்றார்.

அவள் ஒரு கிண்ணத்தைத் துடைத்துக் கவிழ்த்தாள். "திட்டறதெல்லாம் தீந்துபோச்சுங்க. பதினோரு வருஷமா அவ்வளவையும் வேற ஆளைத் திட்டிட்டேன்."

கையைத் துடைத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் படியிறங்கினாள். அவர் வாசற்படியிலேயே நின்றார். கீழே அவள் கேட்பது தெளிவாகக் காதில் விழுந்தது.

"அண்ணா, சாப்டீங்களா?"