நான் அந்தக் கம்பெனி இல்லீங்க

சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிறர் செய்த செயலிகள் எங்கே இடறுகின்றன என்று கண்டுபிடித்து நாள் முழுக்க ஆங்கிலத்தில் குறிப்பெழுதுவதுதான் பிழைப்பு. அந்தக் குறிப்புகளைக் கூட்டத்தில் நாலு பேர் படித்து மூடிவிடுவார்கள். அதில் சலித்துப்போய்த்தான் தமிழில் ஒரு வலைப்பூ தொடங்கினேன். பணம் எடுக்கும் இயந்திரம், லிஃப்ட் பொத்தான், டிக்கெட் செயலி என்று கையில் படும் எதைப் பற்றியும், அதைப் பயன்படுத்துகிறவர் பக்கம் நின்று எழுத வேண்டும் என்பது திட்டம். சனிக்கிழமைக்கு ஒரு பதிவு.

முதலில் சில மாதங்கள் தவறாமல் எழுதினேன். பிறகு குழந்தைக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் நெருக்கடி, வீட்டுக்கு விருந்தாளிகள் என்று ஒவ்வொன்றாக வந்தது. எழுத உட்கார்ந்தாலும் சொல் கிடைக்காது. 'ஸ்வைப்' என்பதை 'விரலால் தள்ளுதல்' என்று எழுதிவிட்டு, யாரையோ பிடித்துத் தள்ளுவது போல இருக்கிறதே என்று அழிப்பேன். பாதியில் நின்ற வரைவுகள் சேர்ந்துகொண்டே போயின. உடன் வேலை பார்க்கும் பெண், "இப்ப யாருங்க்கா படிக்கறாங்க? வீடியோ போடுங்க" என்றாள். வலைப்பூவின் முகவரியைப் பணம் கட்டிப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தபோது, முடிந்தால் முடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம்தான் பழைய பதிவு ஒன்றைப் பார்க்கத் திறந்தேன். அதன் கீழே முந்தின நாள் யாரோ எழுதியிருந்தார்கள்: "மோட்டார் ஓடவில்லை. உடனே ஆள் அனுப்பவும்." கூடவே ஒரு செல்போன் எண்.

அது என் அண்ணன் தோட்டத்தில் மாட்டியிருந்த செல்போன் ஸ்டார்ட்டரைப் பற்றிய பதிவு. தோட்டத்துக்குப் போகாமலே, வீட்டிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பிக் கிணற்று மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் பெட்டி அது. கையேடு குழப்புகிறது என்று எழுதியிருந்தேன். ஸ்டார்ட்டரின் பெயரைப் போட்டுத் தேடியவர்களுக்கு என் பக்கம் முதலில் வந்து நின்றிருக்கிறது. பக்கத்தின் தலையில் 'தொடர்புகொள்ள' என்று பெரிய எழுத்தில் வேறு போட்டு வைத்திருந்தேன். கம்பெனி என்று நினைக்காமல் என்ன செய்வார்கள்? இன்னும் கீழே போனால் இதே மாதிரி நிறையப் புகார்கள். ஒருவர், பதில் சொல்லாத கம்பெனி என்று என்னைத் திட்டியே இருந்தார்.

ஊருக்கே தெரியும்படி கிடந்த எண்களை முதலில் நீக்கினேன். ஆள் அனுப்பச் சொன்னவருக்கு மட்டும், மதியம் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகப் படிக்கட்டில் நின்று போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார்.

"ஏனுங்க, மோட்டார் கம்பெனிங்களா?"

"இல்லீங்க்கா. நான் அந்தக் கம்பெனி இல்லீங்க. அதைப் பத்தி எழுதுனவ."

"எழுதுனவங்களா? எழுதுனா மோட்டார் ஓடுமுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. அன்னூர்ப் பக்கம் வாழை போட்டிருக்கிறாராம். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை; ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்கு வருவார். ஸ்டார்ட்டரை மாட்டிக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். வாழைக்குத் தண்ணீர் கட்ட வேண்டியது இவர்.

"என்ன அனுப்புனீங்கன்னு அப்படியே படிங்க்கா."

எழுத்து எழுத்தாகப் படித்தார். எத்தனை முறை அனுப்பினாலும் 'தவறான கட்டளை' என்றே பெட்டியிலிருந்து பதில் வருகிறதாம். கட்டளையின் இரண்டு சொல்லுக்கும் நடுவில் இடம் விட்டிருக்கிறதா என்று கேட்டேன்.

"அது தானா வுட்டுக்குதுங்க. நான் ஒண்ணும் பண்ணலீங்க."

அவர் சொன்னது சரி. சேர்த்து எழுத வேண்டும் என்கிறது பெட்டி. பிரித்துப் பிரித்துத்தான் எழுதுவேன் என்கிறது போன். நடுவில் இவர் மாட்டிக்கொண்டிருக்கிறார். இடத்தை அழித்துவிட்டு அனுப்பச் சொன்னேன். பெட்டி பழைய பதிலையே அனுப்பியது: தவறான கட்டளை. திரும்ப அனுப்பினார். மறுபடியும் தவறான கட்டளை. எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில், மோட்டார் ரூமுக்குப் போய்ப் பார்க்க முடியுமா என்றேன். போனைக் காதில் வைத்தபடியே நடந்து போனார்.

"மூணு லைட்டுல ஒண்ணு எரியலீங்க."

"அப்ப மூணு பேஸும் வரலீங்க்கா. கரண்ட் முழுசா வந்தாத்தான் ஓடும்."

"இதை அந்த டப்பா சொல்லக் கூடாதுங்களா, அம்மணி? நான் என்னமோ தப்பா அமுக்கிப்போட்டேன்னு ரெண்டு நாளா பயந்துட்டிருக்கறேன்."

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. டிபன் பாக்ஸைத் திறக்காமலே இருக்கைக்குப் போனேன். பசியை விடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. கரண்ட் வராததற்கு ஒரு பெண் தன்னையே குற்றவாளியாக நினைத்து இரண்டு நாள் பயந்திருக்கிறாள். இதை எழுதாமல் வேறு எதை எழுதுவது? அன்றே பணம் கட்டி வலைப்பூவின் முகவரியைப் புதுப்பித்தேன். முதல் வரியில் 'இது எந்தக் கம்பெனியின் பக்கமும் அல்ல' என்று போட்டேன்.

அந்தப் பதிவும் லேசில் வரவில்லை. ஆனால் இந்த முறை சொல் முட்டும்போதெல்லாம், அந்த அக்காவிடம் போனில் எப்படிச் சொல்வேன் என்று யோசித்தேன். வாக்கியம் நகர்ந்தது. வேறு வேறு கோளாறுகளுக்கு ஒரே பதிலைச் சொல்லும் பெட்டி, பழியை மனுஷர் மேல் போடுகிறது என்று முடித்தேன். கம்பெனிக்கும் மின்னஞ்சலில் அனுப்பினேன், பதில் இல்லை. அக்காவுக்கு அனுப்பியதற்கு, இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

"படிச்சேனுங்க அம்மணி. நான் சொன்னது அப்படியே இருக்குது. ஆனா டப்பா மாறலீங்களே?"

"மாறலீங்க்கா. அவங்க பதிலே போடல."

"அப்ப இன்னொருக்கா எழுதுங்க."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, வேலையாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. வேலையாகவே எடுத்துக்கொண்டேன். அடுத்த பதிவில் குறை எதையும் எழுதவில்லை. எந்தக் கோளாறுக்கு எந்தச் செய்தி வர வேண்டும் என்று, கம்பெனிக்காரர்கள் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி எளிய தமிழில் எழுதிக் கொடுத்தேன். சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஸ்டார்ட்டர் விற்கும் கடைக்காரர் அதை அச்செடுத்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டிக்கொண்டார். கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்ல வசதியாக இருக்கிறதாம். கம்பெனி இன்றுவரை வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமைகள் இப்போதும் தவறுகின்றன. தவறினால் ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். முதல் வரியைப் படிக்காமல் "ஆள் அனுப்பவும்" என்று கேட்கிறவர்களும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தெரிந்ததற்குப் பதில் சொல்கிறேன். இன்று காலையிலிருந்து ஆஸ்பத்திரி டோக்கன் இயந்திரத்தைப் பற்றிய பதிவு இரண்டாவது பத்தியில் நிற்கிறது. காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்து மறுபடியும் உட்கார்ந்திருக்கிறேன். முடிக்காமல் எழுந்திருப்பதாக இல்லை.