முதல் ஷிப்டுக்கு ஒரு தும்மல்

கல்யாணமாகி ஓசூருக்குப் பக்கத்து மத்திகிரிக்கு வந்த புதிதில், என் கணவர் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் நான் தும்மினேன். அதை யாரும் தும்மலாக எடுத்துக்கொள்ளவில்லை, சகுனமாக எடுத்துக்கொண்டார்கள். யாரும் என்றால் என் மாமியார்தான். வீட்டில் இருந்ததே மூன்று பேர்.

எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். என் கணவர் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் டிரெயினியாக இருந்தார். பயிற்சி முடிந்ததும் பர்மனென்ட் ஆக்குவார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது வருகைப் பதிவைப் பொறுத்தது. முதல் ஷிப்டுக்கான கம்பெனி பஸ் விடிவதற்கு முன்பே மெயின் ரோட்டுக்கு வந்துவிடும். அது யாருக்காகவும் நிற்காது.

அவர் ஷூ மாட்டிக்கொண்டு எழுந்திருப்பார். எனக்குத் தும்மல் வரும். மாமியார் செம்போடு வந்து நிற்பார்.

"எய்யா, செத்த உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போ."

அவரும் உட்கார்ந்து குடிப்பார். ஒற்றைத் தும்மல்தான் ஆகாது, இரட்டையாக வந்தால் பரவாயில்லை என்று மாமியாரிடம் ஒரு கணக்கு இருந்தது. எனக்கு வந்தால் வரிசையாக ஏழெட்டு வரும். அதை எதில் சேர்ப்பது என்று மாமியாருக்கே தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தண்ணீர் கொடுத்துவிடுவார். அதற்குள் பஸ் போய்விடும். பிறகு டவுன் பஸ்ஸைப் பிடித்து, ஆட்டோ பிடித்து, கேட்டில் பெயர் எழுதிக் கொடுத்து உள்ளே போக வேண்டும். இப்படியே லேட்டாக வந்தால் கன்ஃபர்மேஷன் சந்தேகம்தான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அதனால் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். அவர் முன்வாசல் வழியாகக் கிளம்பும்போது நான் புறவாசலுக்குப் போய்விட வேண்டும். நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் வலித்தது. கல்யாணமான புதிதில் வாசலில் நின்று புருஷனை அனுப்பிவைக்க ஒருத்திக்கு ஆசை இருக்காதா? எனக்கு இருந்தது. எனக்குக் கிடைத்ததோ துவைக்கிற கல்லும், சுவரைத் தாண்டி வரும் "வரேன்" என்ற குரலும்தான்.

புறவாசலில் நின்றால் தும்மல் இன்னும் கூடியது. முன்வாசல் வரைக்கும் கேட்டது.

நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஓசூர்க் குளிர் என்றார்கள், தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். சுக்குக் கஷாயம் குடித்தேன், ஆவி பிடித்தேன். தொண்டை எரிந்ததுதான் மிச்சம். கடைசியில் என் கணவரே ஓசூரில் ஒரு மூக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மா மூக்குக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, காலையில் நான் எங்கே நிற்பேன் என்று கேட்டார். புறவாசலில் என்றேன். அங்கே என்ன இருக்கிறது என்றார்.

"காலி மனைங்க. இடுப்பு உயரத்துக்குச் செடி. பொடிப்பொடியா வெள்ளைப் பூ."

"பார்த்தீனியம். அந்தப் பூந்தூள்தான் காத்துல வந்து மூக்குல ஏறுது. இது சளி இல்லம்மா, அலர்ஜி. நீங்க தெனமும் போய் அதும் பக்கத்துலயே நிக்கறீங்க."

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன.

பின்பக்க ஜன்னலைக் காலையில் திறக்கக் கூடாது, துணியை வெளிக்கொடியில் காயப்போடக் கூடாது, வெளியே போய் வந்தால் முகம் கழுவ வேண்டும் என்றார். மூக்கில் அடிக்க ஒரு ஸ்பிரே கொடுத்தார். நான் அதைத் தலைவலித் தைலம் போல நினைத்து, தும்மல் வந்தால் மட்டும் அடித்துக்கொண்டேன். குறையவில்லை. மறுமுறை போனபோது டாக்டர் கடிந்துகொண்டார். சீசன் தொடங்கும்போதே ஆரம்பித்து, தும்மல் வந்தாலும் வராவிட்டாலும் தினமும் அடித்தால்தான் பலன் தெரியுமாம்.

மாமியாரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"பூ பட்டு யாராச்சும் தும்முவாகளா? தலை நெறைய மல்லிய வச்சிக்கிட்டுத் திரியுதியே, அப்ப ஏன் தும்மல?"

தலையிலிருந்த மல்லியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஒரு தும்மலும் வரவில்லை.

ஆனால் அடுத்த வருஷம் மழை பெய்து மனையில் குருத்துக் குருத்தாகச் செடி கிளம்பியபோது, மனைக்காரரைத் தேடிப் போனது மாமியார்தான். மனைக்காரர் உள்ளூர் விவசாயி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்.

"அது தானா மொளைக்கறதும்மா. நானா நட்டேன்?" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மாமியார் திரும்பி வந்தார். மகனின் கம்பெனிக் கையுறையை மாட்டிக்கொண்டார், மூக்கை மூடித் துண்டைக் கட்டிக்கொண்டார், செடிகள் பூப்பதற்கு முன்னால் வேரோடு பிடுங்க ஆரம்பித்தார். நானும் வருகிறேன் என்றதற்கு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே கிட என்றார். மகனுடைய பஸ்ஸுக்காகச் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

நானும் டாக்டர் சொன்னபடி தினமும் ஸ்பிரே அடித்தேன். அந்த சீசனில் தும்மல் வெகுவாக அடங்கியது. அடியோடு போகவில்லை. ஓசூரில் காலி மனைக்கா பஞ்சம்? இருந்தாலும் என் கணவர் கிளம்பும் நேரத்தில் நான் புறவாசலுக்குப் போகவில்லை, சமையலறையோடு நின்றுகொண்டேன். முன்வாசலுக்கு வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போகவும் துணிச்சல் இல்லை.

கன்ஃபர்மேஷனுக்கு ஆபீஸில் கூப்பிட்டிருந்த அன்று, அவர் ஷூ மாட்டிக்கொண்டு, "உள்ளயே நிக்காத, இங்க வா" என்றார். போனேன். முதல்முறையாக முன்வாசல் படியில் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். தெருவிளக்கில் கண் கூசியது, மூக்கு அரித்தது. முந்தானையை வைத்து அழுத்திப் பார்த்தேன். வந்தே விட்டது.

ஒன்றே ஒன்று. ஏழெட்டை அடக்கிய ஸ்பிரே, மிச்சம் வைத்தது அந்த ஆகாத ஒற்றையைத்தான். இன்னொன்று வராதா என்று காத்திருந்தேன். வரவில்லை.

அவர் குனிந்து ஷூவைப் பார்த்தார். மாமியார் உள்ளே போய்ச் செம்போடு வந்தார். என் கணவர் பழக்கத்தில் கையை நீட்டினார். மாமியார் அவரைத் தாண்டி வந்து செம்பை என் கையில் கொடுத்தார்.

"குடி தாயி. நீ கெளம்புய்யா, பஸ்ஸு போயிரும்."

படியிலேயே நின்று தண்ணீரைக் குடித்தேன். தெருமுனையில் அவர் திரும்பிப் பார்த்துக் கை காட்டினார். மாமியார் என் பக்கத்திலேயே நின்றிருந்தார். நானும் கை காட்டினேன்.