சிஸ்டர் மறைத்த காயம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூர் நல்லூரில், ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். ஒரு மழைநாளில் மொபெட்டோடு விழுந்து வலது கால் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

சேர்ந்த அன்று வார்டு நர்ஸ், "குடிப்பழக்கம் இருக்காண்ணே?" என்று கேட்டார். தென்மாவட்டத்துப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர்.

"எப்பவாச்சும் விசேஷத்துக்குங்க சிஸ்டர்" என்றேன். பக்கத்தில் நின்ற மனைவி தரையைப் பார்த்தாள். காலையில் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளாமல் என்னால் கத்தரியைக் கையில் பிடிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கியது. ஜுரம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலை படுக்கை முழுக்கப் பூரான் ஊர்வதுபோல் தெரிந்தது. தட்டிவிட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குமேல் நினைவில்லை.

கண் விழித்தபோது இரண்டு நாள் போயிருந்தது. அதே நர்ஸ் எனக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார், இடது கையால். வலது மணிக்கட்டில் பெரிய கட்டு.

"கையில என்னாச்சுங்க சிஸ்டர்?"

"கதவு இடுக்குல மாட்டிக்கிட்டுண்ணே. ஆறிரும். வாயைத் திறங்க."

அவர் போனதும் அடுத்த கட்டிலில் இருந்த வெள்ளகோவில்காரர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, நெசமாவே நெனப்பில்லீங்களா? அது நீங்க கடிச்சதுங்க. நாலு பேர் சேர்ந்துதான் விலக்குனாங்க. தையல் போட்டிருக்குதுங்க."

விளையாடுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. ஓரத்தில் இருந்த மனைவி அழுதுகொண்டே மீதியைச் சொன்னாள். கடிபட்ட நிலையிலும் அந்த நர்ஸ், "தினமும் குடிப்பாராக்கா? மறைக்காம சொல்லுங்க" என்று அவளிடம் கேட்டு, டாக்டரை ஓடிப்போய் அழைத்து வந்தாராம். குடி திடீரென நின்றதால் வந்தது, விட்டிருந்தால் உயிரே போயிருக்கும் என்றாராம் டாக்டர். கயிறு கொண்டுவந்தவர்களைத் தடுத்து, மெத்தென்ற துணியால் கட்டச் சொல்லி, நான் அடங்கியதும் அவிழ்த்துவிட்டவரும் அந்த சிஸ்டர்தானாம்.

எவ்வளவு குடித்தாலும் யார் மேலும் கை வைத்ததில்லை என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தவன் நான்.

சாயங்காலம் சிஸ்டர் மாத்திரையோடு வந்தார். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "நான் கடிச்சேன்னு சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன்.

"சொன்னா வெக்கப்பட்டுட்டு என்கிட்ட பேசவே மாட்டீங்கண்ணே. நீங்க பேசுனாத்தானே எனக்கு வேலை நடக்கும்" என்றார். பிறகு பேனாவை எடுத்தார். "இப்ப சொல்லுங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு? ஏசுறதுக்குக் கேக்கல. மருந்து அதுக்குத் தக்கனதான் கொடுக்கணும்."

எல்லாவற்றையும் சொன்னேன். மனைவியிடம்கூட ஒப்புக்கொள்ளாததை எல்லாம் சொன்னேன். முகம் சுளிக்காமல் எழுதிக்கொண்டார்.

அதோடு திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். ஏழு மாதம் கழித்து மறுபடி குடித்தேன். ஆனால் இந்தமுறை ஒளிக்கவில்லை, நானே அந்த வார்டுக்குப் போய் நின்றேன். "வந்துட்டீங்கல்லண்ணே, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கையை உதறி விரித்தார். அதற்குப் பிறகு நான் தொடவில்லை.

கடித்தவனிடம் கோபப்படாமல் இருப்பதுகூட எனக்குப் புரிகிறது. அவன் கூனிக் குறுகிவிடக் கூடாதே என்று தன் காயத்தையே மறைக்க ஒரு மனுஷியால் எப்படி முடிந்தது என்பது, இத்தனை வருடம் கழித்தும் என்னை அதிரவைக்கிறது.