வெள்ளிக்கிழமை பிரெட் அல்வா

சாப்பாட்டுக்குப் பயப்படுகிறவன் ராயபுரத்துக்கு வேலைக்கு வரக் கூடாது. நான் வந்தேன். கண்டெய்னர் யார்டில் வேலை, மதியச் சாப்பாடு பக்கத்துச் சந்தில் பாய் பிரியாணிக் கடையில். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் அப்பாவுக்குச் சர்க்கரை வியாதியால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதே வியாதி எனக்கும் வந்து, டாக்டர் என்னை இன்சுலின் ஊசிக்கு மாற்றிய நாளிலிருந்து, எந்த ஓட்டல் தட்டைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கால்தான் ஞாபகம் வரும்.

அதனால் ஏகப்பட்ட ஜாக்கிரதை. ஊரே குஸ்கா கேட்கும் கடையில், சோறு ஒரு கைப்பிடி, கறி கூடுதலாக, தயிர் வெங்காயம் இரண்டு கிண்ணம் என்று கேட்பேன். எண்ணெய்க் கத்தரிக்காயைத் தொட மாட்டேன். பிரியாணியோடு ஓசியாக வைக்கும் பிரெட் அல்வாவைத் தினமும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அங்கே வெங்காயம் அரியும் அக்காவுக்கு என்னைக் கண்டாலே எரிச்சல்.

"நான் அரியறத அத்தினியும் நீயே துன்னுட்டா மத்தவனுக்கு இன்னா வெக்கிறது? அல்வா மட்டும் கசக்குதா உனுக்கு?" என்பார்.

எனக்குச் சர்க்கரை என்று நான் அங்கே சொன்னதே இல்லை. யார்டு ஆட்கள் எல்லோரும் சாப்பிடும் கடை அது. விஷயம் தெரிந்தால், வெயிலில் ஏறி இறங்கும் வேலைக்கு இவன் லாயக்கில்லை என்று அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். ஊசியை ஆபீஸ் கக்கூஸில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக்கொள்வேன். அரை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பது டாக்டர் சொன்ன கணக்கு. நடந்து போய் உட்கார்ந்தால் தட்டு வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மட்டும் அங்கே போனதில்லை. எங்கள் வீட்டில் அன்று கவுச்சி கிடையாது. மனைவி டப்பாவில் கட்டிக் கொடுப்பதைச் சாப்பிடுவேன். அந்த வெள்ளிக்கிழமை அவள் காத்திவாக்கத்தில் தன் அம்மா வீட்டில் இருந்தாள். ஒரு நாள்தானே, சாமி கண்டுகொள்ளாது என்று ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

டிரெய்லர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. சுற்றிக்கொண்டு போனால் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தேன். மேஜைகள் காலி. அக்கா மட்டும் வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"ஜும்மா தொழுகைக்குப் போய்க்கீறாங்கோ. பாய் வந்துதான் அண்டாவத் தொறப்பாரு. வெள்ளிக்கெழமன்னா அப்டித்தான், இது கூடவா தெரியாது? குந்து."

தெரியாது. அண்டா மூடியின் மேல் கரி கனன்றுகொண்டிருந்தது. சந்தில் மற்ற கடைகளும் சாத்தியிருந்தன. உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டியது. பிறகு விரல்கள் நடுங்கின. நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. அதுவரை என் பயமெல்லாம் கால் போய்விடுமே என்பதுதான். அதற்கு வருஷங்கள் ஆகும். இது அப்படியில்லை. இங்கேயே, இந்த பெஞ்சிலேயே முடிந்துவிடும் போலிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

எதிர் மேஜையில் தட்டு நிறைய பிரெட் அல்வா ஆறிக்கொண்டிருந்தது. சர்க்கரை திடீரென்று இறங்கி இப்படி வந்தால் உடனே இனிப்பு சாப்பிட வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எழுந்து அதன் பக்கத்தில் போய் நின்றேன். கை நீளவில்லை. அத்தனை நாள் தள்ளித் தள்ளிப் பழகிய கை, உயிர் போகிற நேரத்திலும் மடங்கியே இருந்தது.

"இன்னா நைனா, குட்ச்சிட்டு வந்துகிறியா? மூஞ்சி இப்டி வெளுத்துப் பூட்சி?"

"சக்கரை வியாதிக்கா. ஊசி போட்டுக்கினேன், இன்னும் துன்னல. செத்துருவேன் போலக்கீது."

அக்கா அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஒரு பிடி அல்வாவை அள்ளி என் வாயில் திணித்தார். "முழுங்கு. பேசாத, முழுங்கு." வெங்காய நெடியோடு நெய்யும் சர்க்கரையும் தொண்டையில் இறங்கின. இன்னொரு பிடி. நடுக்கம் அடங்கும்வரை என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். தொழுகை முடிந்து ஆட்கள் வந்தபோது நான் வாயெல்லாம் அல்வாவோடு தேம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை, அக்கா சொன்னபடி ஊசியைப் போடாமல் பையில் எடுத்துக்கொண்டு போனபோது, கடையே மூச்சுவிட இடமில்லாமல் நிரம்பியிருந்தது. பாதிப் பேர் எங்கள் யார்டு ஆட்கள். என் தட்டு மேஜைக்கு வந்ததும் மூலையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"துட்டு கூட அப்பால குடு. தட்டு வந்துச்சா? இப்போ குத்திக்கோ!"

எல்லாத் தலைகளும் திரும்பின. வெட்கத்தில் காது சுட்டது. இனி வேலை இருக்குமோ இருக்காதோ என்று பயந்தேன். ஆனால் அந்த பெஞ்சைப் பார்த்ததும் அதைவிடப் பெரிய பயம் வந்தது. அத்தனை பேர் முன்னாலும் சட்டையைத் தூக்கி ஊசியைப் போட்டுக்கொண்டேன்.

தட்டின் ஓரத்தில் பிரெட் அல்வா இருந்தது. வழக்கம்போல எடுத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"துன்ன வேணாம். பக்கத்துல கெடக்கட்டும்."

வேலை போகவில்லை. இன்றும் நான் கை கழுவ எழுந்த பிறகுதான் அக்கா வந்து அதை எடுத்துக்கொண்டு போகிறார்.